எந்திர மனிதன் பற்றவைத்தால் நம் பையன் என்ன செய்வான்?

ஆழ்வார்குறிச்சி கடனா நதி பாயும் ஊர். மேற்கே மலை. சுற்றிலும் நெல் வயல். அங்கே சாலை ஓரம் ஒரு வெல்டிங் பட்டறை இருக்கிறது.

தகரக் கூரை போட்ட சின்னப் பட்டறை. வாசலில் டிராக்டரின் கேஜ் வீல் ஒன்று சாய்த்து வைக்கப்பட்டு இருந்தது. சேற்று உழவுக்குப் போடும் இரும்புச் சக்கரம் அது. அதன் பட்டைகள் இரண்டு முறிந்து தொங்கின. பட்டறைக்காரர் ஒரு கையில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பற்றவைத்துக்கொண்டு இருந்தார். பளீர் பளீர் என்று ஒளி. பக்கத்தில் ஒரு பையன் நின்றான். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்தவன்.

அவனுடைய தாய் அந்தப் பக்கம் வந்தார். பீடிக் கடையில் கட்டுகளைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பும் வழி. நாம் பத்திரிகையில் எழுதுகிறவர் என்று தெரிந்ததும் அவர் கேட்டார்:

"தம்பி, இவன் வெல்டிங் படிக்கணும் என்கிறான். ஐ.டி.ஐ.யில் சேர்த்துவிடு என்கிறான். ஆனால் எங்க அண்ணன் மகன் செல்போனில் ஒரு படம் காட்டினான். அதில் ஆளே இல்லை. எந்திரமே வெல்டிங் வைக்குது. இவன் படித்து முடிக்கிறதுக்குள்ளே அந்த வேலையே இல்லாமல் போனால் என்ன செய்ய? பீடி சுற்றிச் சேர்த்த பணம், தம்பி."

இந்தக் கேள்வி அந்தத் தாய் ஒருவருக்கு மட்டும் உரியது அல்ல. தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் இதே கேள்வி எழுந்து இருக்கிறது. ஆகவே இதற்கு ஒளிவு மறைவு இல்லாமல் பதில் சொல்ல வேண்டியது நம் கடமை.

எந்திர மனிதன் யார்?

எந்திர மனிதன் என்றதும் சினிமாவில் வருவதுபோல இரண்டு கால், இரண்டு கண் உள்ள உருவம் என்று நினைக்க வேண்டாம். தொழிற்சாலையில் இருப்பது வெறும் கை. ஆள் உயரத்துக்கு நிற்கும் இரும்புக் கை. தோள்போல, முழங்கைபோல, மணிக்கட்டுபோல அது வளையும். அதன் நுனியில் பற்றவைக்கும் கருவியைப் பொருத்தி இருப்பார்கள்.

தொழிற்சாலையில் முதன்முதலாக இப்படி ஒரு கை வேலைக்கு வந்தது 1961-ம் ஆண்டில். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் கார்த் தொழிற்சாலை ஒன்றில், கொதிக்கும் உலோகத் துண்டுகளை எடுத்து வைக்கும் வேலை அதற்குத் தரப்பட்டது. பிறகு காரின் கூட்டைப் பற்றவைக்கும் வேலைக்கும் இந்தக் கைகள் வந்தன. ஒரு காரின் கூட்டில் ஆயிரக்கணக்கான இடங்களில் பொட்டுப் பொட்டாகப் பற்றவைக்க வேண்டும். ஒரே இடம், ஒரே அளவு, ஒரே வேகம். எந்திரத்துக்கு ஏற்ற வேலை!

நம் ஊருக்கும் அவை வந்து நாளாகிவிட்டது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் 1998-ல் கார் உற்பத்தி தொடங்கிய ஹூண்டாய் போன்ற தொழிற்சாலைகளில், கார்க் கூட்டைப் பற்றவைப்பது பெரும்பாலும் எந்திரக் கைகள்தான். 2023-ம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 8,510 எந்திரக் கைகள் புதிதாக நிறுவப்பட்டன என்று சர்வதேச ரோபோ சம்மேளனம் கணக்குச் சொல்கிறது. அதே ஆண்டில் சீனாவில் நிறுவப்பட்டவை 2 லட்சத்து 76 ஆயிரத்துக்கு மேல்! அந்த நாட்டோடு பார்த்தால் நம் கணக்கு சிறியது. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு கூடி வருகிறது.

கண் இல்லாத கை

இதுவரை வந்த எந்திரக் கைக்குக் கண் கிடையாது. சொல்லிக் கொடுத்த பாதையில் அது போகும், வரும். இரும்புத் தகடு இரண்டு மில்லிமீட்டர் தள்ளி இருந்தால் அதற்குத் தெரியாது. தகட்டை விட்டுவிட்டுக் காற்றிலே பற்றவைத்துக்கொண்டு இருக்கும். இரண்டு தகட்டுக்கும் இடையே சந்து கொஞ்சம் அதிகமானால், ஓட்டை விழும். அதுவும் அதற்குத் தெரியாது.

இப்போது அந்தக் கைக்குக் கண் வைத்து இருக்கிறார்கள். கேமராவும் லேசர் ஒளியும் சேர்ந்து, இணைப்பு எங்கே போகிறது என்று பார்க்கின்றன. பார்த்ததைக் கொண்டு முடிவு செய்ய, செயற்கை நுண்ணறிவு என்ற கணினி முறையைச் சேர்த்து இருக்கிறார்கள்.

செயற்கை நுண்ணறிவு என்றால் மாயமந்திரம் அல்ல. நல்ல வெல்டிங்கின் படங்கள் ஆயிரக்கணக்கில், கெட்ட வெல்டிங்கின் படங்கள் ஆயிரக்கணக்கில் கணினிக்குக் காட்டப்படுகின்றன. "இது நல்லது, இது கெட்டது" என்று சொல்லப்படுகிறது. பிறகு புதிதாக ஒன்றைக் காட்டினால், அது எந்த வகை என்று கணினி கண்டுபிடிக்கிறது. அவ்வளவுதான். ஆனால் இதனால் வெல்டிங்கில் துளை விழுந்து இருக்கிறதா, விளிம்பு அரித்து இருக்கிறதா என்பதை எந்திரமே பார்த்துச் சொல்ல முடிகிறது.

இன்னொரு மாறுதலும் வந்து இருக்கிறது. முன்பு எந்திரக் கைக்குப் பாதை சொல்லிக் கொடுக்கப் படித்த என்ஜினீயர் தேவைப்பட்டார். இப்போது வரும் சிறிய எந்திரக் கைகளை ஒரு தொழிலாளியே கையால் பிடித்து, பாதை நெடுக நடத்திக் காட்டினால் போதும். அது நினைவில் வைத்துக்கொள்ளும். ஆகவே பெரிய கார்த் தொழிற்சாலையோடு இது நிற்காது. நடுத்தரத் தொழிற்சாலைகளுக்கும் வரும். அந்தத் தாயின் பயம் வீண் பயம் அல்ல.

யாருக்கு ஆபத்து?

வெல்டிங் வேலை என்று ஒரே பெயரில் சொல்கிறோம். அதற்குள் பல வேலைகள் இருக்கின்றன.

ஒருவர் தொழிற்சாலையில் வெல்டிங் எந்திரத்தின் முன்னால் நிற்கிறார். இரண்டு துண்டுகளை எடுத்துப் பொருத்துகிறார். பொத்தானை அழுத்துகிறார். எந்திரம் பற்றவைக்கிறது. துண்டை எடுத்து வைக்கிறார். காலை முதல் மாலை வரை அதே துண்டு, அதே பொத்தான். ஆறு மாதம் கழித்து வேறு துண்டு வரலாம். வேலை ஒன்றுதான்.

முதல் அடி இவருக்குத்தான் விழும். இதை மறைத்துப் பயன் இல்லை. எடுத்து வைப்பதும் பொத்தானை அழுத்துவதும் எந்திரக் கைக்கு மிகவும் சுலபம்.

அடுத்து, நீளமான நேர்க்கோட்டு இணைப்புகளையே நாள் முழுவதும் கையால் போடுகிறவர். அவருடைய வேலையிலும் பாதியை எந்திரம் கேட்கும்.

ஆனால் ஆழ்வார்குறிச்சிப் பட்டறையில் அன்று வந்த வேலைகளைப் பாருங்கள். முதலில் அந்தக் கேஜ் வீல். சேற்றிலே கிடந்து துரு ஏறியது. பட்டைகள் கோணி இருந்தன. எதை நிமிர்த்துவது, எதை வெட்டி எறிவது என்று முதலில் பார்க்க வேண்டும். அடுத்து ஒரு வீட்டு வாசல் கேட். சுவரே கொஞ்சம் சாய்வு. கேட்டை நேராகச் செய்தால் பொருந்தாது. சுவருக்குத் தகுந்தபடி கீலை வைக்க வேண்டும். மூன்றாவதாக ஓர் அழைப்பு. அறுவடை எந்திரம் வயலிலே நின்றுவிட்டதாம். பட்டறைக்காரர் சாமான்களை ஏற்றிக்கொண்டு அங்கேயே போனார்.

இந்த மூன்றையும் எந்த எந்திரக் கை செய்யும்? ஒரே மாதிரிச் சாமான் ஆயிரம் வந்தால் எந்திரம் வெல்லும். ஆயிரம் விதமான சாமான் ஒவ்வொன்றாக வந்தால் மனிதன் வெல்வான்.

பெரிய வேலைகளிலும் இப்படித்தான். கொதிகலன் உள்ளே குழாய்கள் நெருக்கமாக இருக்கும் இடத்தில், மனிதன்தான் உடம்பை வளைத்து உள்ளே போகிறான். பாலத்தின் மேல், கப்பலின் அடித்தட்டில், கட்டடத்தின் பத்தாவது மாடியில் மனிதன்தான் ஏறுகிறான்.

2013-ம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இருவர், அமெரிக்காவில் உள்ள 702 வகைத் தொழில்களை ஆராய்ந்தார்கள். அங்குள்ள வேலைகளில் 47 சதவீதம், பத்து இருபது ஆண்டுகளில் எந்திரமயம் ஆகிவிடக்கூடியவை என்றார்கள். உலகமே திடுக்கிட்டது. பத்து ஆண்டு போய்விட்டது. அமெரிக்க அரசாங்கத்தின் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையோ, 2023 முதல் 2033 வரை வெல்டர் வேலை குறையாது, சுமார் 2 சதவீதம் கூடும் என்று மதிப்பிட்டது. ஜோசியம் சொல்வது சுலபம். தொழில் மாறுவது அதன் போக்கில்தான்.

பாம்பன் சொல்லும் கதை

வெல்டிங்கே ஒரு காலத்தில் பிறர் வேலையைப் பறித்த தொழில்தான். இதைப் பலர் மறந்துவிட்டார்கள்.

1914-ல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரெயில் பாலத்தை நினைத்துப் பாருங்கள். அதன் இரும்புச் சட்டங்களை இணைத்தவை ரிவிட் ஆணிகள். ஆணியைப் பழுக்கக் காய்ச்சுவார்கள். துளையில் செருகுவார்கள். மறு பக்கம் சம்மட்டியால் அடித்துத் தலையை விரிப்பார்கள். காய்ச்ச ஒருவர், பிடிக்க ஒருவர், அடிக்க ஒருவர் என்று கூட்டமாகச் செய்த தொழில் அது.

வெல்டிங் வந்தது. ரிவிட் அடித்தவர்களின் வேலை சுருங்கியது. சென்னை பெரம்பூரில் 1955-ல் தொடங்கிய ரெயில் பெட்டித் தொழிற்சாலை, முழுவதும் பற்றவைத்த இரும்புப் பெட்டிகளைச் செய்தது. 2025-ம் ஆண்டு ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தின் இரும்பு இணைப்புகள் பற்றவைத்தவை.

ஆக, ஒரு தொழில் போய் இன்னொரு தொழில் வருவது புதிது அல்ல. ஆனால் இதை மட்டும் சொல்லி ஆறுதல் அடைந்துவிடக் கூடாது. போன வேலை யாருடையது, வந்த வேலை யாருக்குக் கிடைத்தது? அதைக் கேட்க வேண்டும்.

உலக்கை பிடித்த கை

நம் பாட்டிமார் உரலில் நெல் குத்தினார்கள். கூலிக்குக் குத்திய பெண்கள் ஊர்தோறும் இருந்தார்கள். அரிசி மில் வந்தது. ஒரு நாள் வேலை ஒரு மணியில் முடிந்தது. நல்லதுதான். ஆனால் உலக்கை பிடித்த பெண்களில் எத்தனை பேர் மில்லில் எந்திரம் ஓட்டும் வேலைக்குப் போனார்கள்? அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர்கள் கூலி போனது போனதுதான்.

ஆழ்வார்குறிச்சிக்கு இதில் ஒரு தனிப் பெருமையும் உண்டு. 1905-ல் பிறந்த எஸ். அனந்தராமகிருஷ்ணன் இந்த ஊர்க்காரர். சென்னைக்குப் போய் சிம்ப்சன் கம்பெனியை வளர்த்து, அமால்கமேஷன்ஸ் என்ற பெரிய தொழில் குழுமத்தை உருவாக்கியவர். அந்தக் குழுமத்தின் டாபே நிறுவனம் 1960-ல் தொடங்கியது. அது டிராக்டர் செய்யும் நிறுவனம்.

டிராக்டர் வந்தது. ஏரும் மாடும் குறைந்தன. ஏர் ஓட்டியவரின் கூலி குறைந்தது. ஆனால் டிராக்டர் வந்ததால்தான் கேஜ் வீல் வந்தது. கேஜ் வீல் முறிவதால்தான் ஆழ்வார்குறிச்சியில் வெல்டிங் பட்டறைக்கு வேலை இருக்கிறது! எந்திரம் ஒரு வாசலை மூடுகிறது. இன்னொரு வாசலைத் திறக்கிறது. ஆனால் மூடிய வாசலில் நிற்பவனுக்குத் திறந்த வாசலுக்கு வழி தெரிய வேண்டும். வழி காட்டாவிட்டால் அவன் நின்ற இடத்திலேயே நிற்பான்.

புகை குறையட்டும்

எந்திரத்தால் நன்மையே இல்லை என்று சொல்ல முடியாது. வெல்டிங் புகை புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2017-ல் முடிவு செய்தது. கண்ணாடி இல்லாமல் ஒளியைப் பார்த்தவர்களுக்கு இரவில் கண்ணில் மண் விழுந்ததுபோல உறுத்தும். வெல்டர் வீட்டுப் பெண்களுக்கு இது தெரியும். அந்தப் புகையையும் ஒளியையும் எந்திரம் தாங்கிக்கொண்டால், யார் வேண்டாம் என்பார்கள்?

ஆனால் புகை இல்லாத வேலை மனிதனுக்குக் கிடைக்க வேண்டும். புகையும் போய், வேலையும் போய்விட்டால் என்ன லாபம்?

கண்ணும் கற்க வேண்டும்

அப்படியானால் பையன் என்ன கற்க வேண்டும்?

கை வேலையை முதலில் கற்க வேண்டும். அதில் சந்தேகம் இல்லை. ராடைப் பிடித்துக் கோடு போடத் தெரியாதவன், எந்திரத்துக்கு எதைச் சொல்லிக் கொடுப்பான்? ஆனால் கை மட்டும் கற்றால் போதாது. கண்ணும் கற்க வேண்டும்.

ஒன்று: படம் பார்த்துப் புரிந்துகொள்ளப் பழக வேண்டும். என்ஜினீயர் வரைந்த படத்தில் எங்கே, எவ்வளவு பற்றவைக்க வேண்டும் என்பதற்குக் குறிகள் உண்டு. அவற்றைப் படிக்கத் தெரிந்தவன் இன்னொருவர் சொல்லும்வரை காத்திருக்க வேண்டியது இல்லை.

இரண்டு: உலோகத்தின் குணம் தெரிய வேண்டும். சாதாரண இரும்பு ஒரு விதம். எவர்சில்வர் ஒரு விதம். அலுமினியம் இன்னொரு விதம். வார்ப்பு இரும்பைச் சூடாக்காமல் பற்றவைத்தால் வெடிப்பு விடும். இதை அறிந்தவன் எந்த ஊரிலும் பிழைப்பான்.

மூன்று: நல்லது கெட்டது பார்க்கத் தெரிய வேண்டும். எந்திரம் ஆயிரம் இணைப்புப் போட்டாலும், அவை சரியா என்று கடைசியில் பொறுப்பு ஏற்றுக் கையெழுத்துப் போடுகிறவன் மனிதன்தான்.

நான்கு: எந்திரக் கையை நடத்தக் கற்க வேண்டும். அதைப் பார்த்துப் பயப்படுகிறவனை அது வீட்டுக்கு அனுப்பும். அதற்குப் பாதை சொல்லிக் கொடுக்கத் தெரிந்தவனுக்கு அது வேலையாள்.

இவற்றைக் கற்க வழி இருக்கிறது. ஐ.டி.ஐ.யில் வெல்டர் படிப்பு ஓர் ஆண்டு. எட்டாம் வகுப்புத் தேறியவர்கள் சேரலாம். தமிழ்நாடு அரசு 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களை, எந்திரக் கை போன்ற புதிய கருவிகள் உள்ள தொழில்நுட்ப மையங்களாக மாற்ற முனைந்தது. 2023-ல் இந்த மையங்களின் திறப்பு தொடங்கியது. பாய்லர் குழாய்களைப் பற்றவைக்க, 1950-ம் ஆண்டின் இந்திய கொதிகலன் விதிகளின்படி பரீட்சை கொடுத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். அந்தச் சான்றிதழ் உள்ளவருக்குத் தனி மதிப்பு உண்டு. திருச்சி பெல் தொழிற்சாலையைச் சேர்ந்த வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் 1975 முதல் இருக்கிறது. வேலையில் இருப்பவர்களுக்கும் அங்கே பயிற்சி உண்டு.

அரசும் முதலாளியும்

ஆனால் எல்லாப் பாரத்தையும் பீடி சுற்றும் தாயின் தலையிலும், பதினாறு வயதுப் பையன் தலையிலும் வைப்பது நியாயம் அல்ல.

எந்திரக் கை வாங்கும் முதலாளிக்கு ஒன்று சொல்வோம். எந்திரத்துக்குப் பணம் ஒதுக்கும்போதே, அதன் முன்னால் நிற்கும் தொழிலாளிக்குப் பயிற்சி தரவும் பணம் ஒதுக்குங்கள். எந்திரம் வந்து இறங்கிய பிறகு அல்ல, வருவதற்கு முன்பே. பத்து ஆண்டு பொத்தானை அழுத்தியவனுக்கு அந்தச் சாமானின் குணம் தெரியும். எங்கே கோணும், எங்கே சந்து விடும் என்று தெரியும். எந்திரத்துக்குச் சொல்லிக் கொடுக்க அவனைவிடத் தகுந்தவன் யார்? அவனை வெளியே அனுப்பிவிட்டுப் புது ஆளைத் தேடுவது, கையில் உள்ள வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது போன்றது.

அரசாங்கத்துக்கும் ஒன்று சொல்வோம். புதிய கருவிகள் வாங்கியது நல்லது. அவை பூட்டிய அறையில் தூசி படியக் கூடாது. அவற்றை நடத்தத் தெரிந்த ஆசிரியர்கள் வேண்டும். பற்றவைத்துப் பழக ராடும் தகடும் தாராளமாக வேண்டும். ஏற்கனவே வேலையில் இருக்கும் முப்பது, நாற்பது வயதுத் தொழிலாளிகளும் மாலை நேரத்தில் வந்து படிக்க வழி வேண்டும். வேலை பறிபோவது பதினாறு வயதுப் பையனுக்கு அல்ல. குடும்பத்தைத் தாங்கும் நாற்பது வயதுக்காரருக்குத்தான்.

நெல் குத்திய பெண்களுக்குச் செய்யத் தவறியதை, இவர்களுக்காவது செய்வோம்.

பையன் பார்த்த துளை

பட்டறைக்காரர் கேஜ் வீல் வேலையை முடித்தார். பையன் சுத்தியை எடுத்துக் கசடைத் தட்டினான். கம்பி பிரஷால் தேய்த்தான். குனிந்து பார்த்தான்.

"அண்ணாச்சி, இங்கே ஒரு துளை இருக்கு. திரும்ப வைக்கணுமா?" என்று கேட்டான்.

பட்டறைக்காரர் வந்து பார்த்தார். குண்டூசித் தலை அளவு துளை. "ஆமாலே, வைக்கணும்" என்றார். சேற்றில் இறங்கினால் அந்த இடத்தில்தான் மறுபடியும் விரிசல் விடும்.

நாம் அந்தத் தாயிடம் சொன்னோம்: "அக்கா, பையனைச் சேர்த்துவிடுங்கள். ஆனால் ராடு பிடிக்கத் தெரிந்ததும் படிப்பு முடிந்தது என்று அவன் நினைக்கக் கூடாது. படம் பார்க்கட்டும். சோதிக்கப் பழகட்டும். எந்திரக் கை உள்ள ஐ.டி.ஐ. எது என்று விசாரித்துச் சேருங்கள். துளையைக் கண்டுபிடிக்கிற கண் இவனுக்கு இருக்கிறது. அந்தக் கண்ணுக்கு வேலை உண்டு."

"அப்போ பணம் வீண் போகாதே, தம்பி?" என்று அவர் மறுபடியும் கேட்டார்.

"படிப்பை நிறுத்தாதவரை வீண் போகாது, அக்கா."

இரும்பு பிடித்தவன் கை சும்மா இருக்காது என்பது பழமொழி. கையோடு கண்ணும் கருத்தும் சேரட்டும். எந்திரக் கை எத்தனை வந்தாலும், அதற்குப் பக்கத்தில் நம் பிள்ளைக்கும் ஓர் இடம் இருக்கும். அந்த இடத்தை அவனுக்குக் காட்டிக் கொடுப்பது பெரியவர்கள் எல்லோருடைய பொறுப்பு.